தாடைக்குள் ஒரு திருகாணி

பல்லெல்லாம் விழுந்துபோன பாட்டி ஒருவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், அவரிடம் கேட்டுக்கொண்டு முகத்தைக் கூர்ந்து பாருங்கள். கன்னம் ஒட்டிப்போயிருக்கும். அதோடு, முகவாய்க்கட்டை மூக்கை நோக்கி ஏறி வந்திருக்கும். பாட்டியின் கல்யாணப் படம் கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூக்குக்கும் முகவாய்க்கும் நடுவே அப்போதிருந்த தூரம் இப்போது இருக்காது. பல் விழுந்ததால் மட்டும் வந்த மாற்றம் இல்லை இது. பற்களைத் தாங்கி நின்ற தாடை எலும்பும் பெருமளவு போய்விட்டது.

எலும்பு எங்கே போகும்? உடைந்து விழவில்லை, வெளியே வரவும் இல்லை. பாட்டியின் உடம்பே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொண்டது. இது வயதானவர்களுக்கு மட்டும் நடப்பதும் அல்ல. ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால், அந்த இடத்து எலும்பின் அகலம் ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. அதிலும் பெரும்பங்கு முதல் 3 மாதத்திலேயே போய்விடும்.

நான் ஆரணிப் பக்கத்துச் சேத்துப்பட்டில் பல் மருத்துவம் பார்க்கிறேன். தறியில் உட்கார்ந்து பட்டு நெய்கிற பெரியவர் ஒருவர், ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தியோடு வந்தார். கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல் இல்லை. அங்கே இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்புக்குள் பதிக்கும் செயற்கை வேர், வைக்கலாம் என்று சொல்லி, மாதிரிக்காக வைத்திருந்த ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். சாம்பல் நிறம், ஒரு சென்டிமீட்டர் நீளம், உடம்பு முழுக்க மரை. பேத்தி அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதைத்தான் தாத்தா வாயில அடிக்கப் போறீங்களா டாக்டர்?”

“அடிக்க மாட்டேம்மா, திருகி வைப்பேன்.”

“ஏன், ஆணி மாதிரி வழவழன்னு இருந்தா ஆகாதா? எதுக்கு இவ்ளோ மரை? மேல மட்டும் ஏன் பொடிப்பொடியா வேற மாதிரி இருக்கு?”

“கேளு தாயி, நல்லாக் கேளு” என்றார் தாத்தா. “நானும் அதத்தான் கேக்கணும்னு இருந்தேன்.”

அன்று வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். சுருக்கமாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் கேட்டது சுருக்கமாகப் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி அல்ல. உலகம் முழுக்கப் பல் மருத்துவர்களும் பொறியாளர்களும் பல பத்தாண்டுகளாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளும் கேள்வி அது. அதனால் அவளுக்கும் உங்களுக்கும் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எலும்பைத் தெரிந்துகொள்ளுங்கள். அறிவியல் கூடத்தில் தொங்கும் எலும்புக்கூட்டைப் பார்த்து, எலும்பு என்றால் காய்ந்த, அசையாத பொருள் என்று நாம் நினைத்துவிடுகிறோம். உங்களுக்குள் இருக்கும் எலும்பில் ரத்தம் ஓடுகிறது. அதில் எலும்பைக் கரைக்கும் செல்கள் ஒரு வகை, எலும்பைக் கட்டும் செல்கள் இன்னொரு வகை. ஒரு சிறு இடத்தைக் கரைத்து எடுக்க ஏறக்குறைய 3 வாரம் ஆகும். அதே இடத்தைத் திரும்பக் கட்ட 3 மாதம் அல்லது அதற்கும் மேல் ஆகும். இந்த வேலை உடம்பெங்கும் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது. இதை நீங்கள் படிக்கிற நேரத்திலும் நடக்கிறது.

எங்கே கட்டுவது, எங்கே கரைப்பது என்று இந்தச் செல்களுக்கு யார் சொல்வது? பாரம்தான். ஒரு எலும்பின் மேல் எந்தத் திசையில், எவ்வளவு பாரம் விழுகிறதோ அதற்கு ஏற்றபடி அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-ல் இதைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். டென்னிஸ் ஆடுபவர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, மட்டையைப் பிடிக்கும் கையின் எலும்புச் சுவர் மற்றக் கையைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தடித்திருந்தது. விண்வெளி வீரர்களுக்கு நேர்மாறாக நடக்கிறது. எடையே இல்லாத இடத்தில் மிதப்பதால், இடுப்பு எலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை அடர்த்தியை இழக்கிறது. அதைத் தடுக்கத்தான் அங்கே தினமும் மணிக்கணக்கில் உடற்பயிற்சி செய்கிறார்கள்.

பாரம் குறைந்தால் எலும்பு தேயும், அளவாக இருந்தால் நிற்கும், கொஞ்சம் கூடினால் தடிக்கும். மிகவும் கூடிவிட்டால்? எலும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். கட்டும் செல்கள் செப்பனிட்டு முடிப்பதற்குள் புதுக்கீறல்கள் விழுந்தால், அப்போதும் எலும்பு தேயும். இந்த மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இம்ப்ளாண்டின் வடிவம் பற்றிய பேச்சில் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

தாடை எலும்புக்குப் பாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பல்லின் வேர். வேருக்கும் எலும்புக்கும் நடுவே 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. நீங்கள் முறுக்கைக் கடிக்கும்போது வேர் அந்த நார்களை இழுக்கிறது, நார்கள் எலும்பை இழுக்கின்றன. பல் போனால் அந்த இழுப்பும் போகிறது. பாட்டியின் தாடை கரைந்ததற்கு இதுதான் முக்கியக் காரணம்.

எலும்பு தேய இன்னொரு வழியும் உண்டு. அதைச் சொல்ல நம் ஊரிலேயே ஒரு இடம் இருக்கிறது. சேத்துப்பட்டின் புனித தோமையார் மருத்துவமனை பல பத்தாண்டுகளாகத் தொழுநோயாளிகளுக்கு மருத்துவம் செய்த இடம் என்பது உங்கள் தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும். தொழுநோயைக் கைவிரல், கால்விரலோடு சேர்த்துத்தான் பலர் நினைப்பார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் மோலர்-கிறிஸ்டென்சன், அந்நாட்டின் பழைய தொழுநோய் மருத்துவமனை ஒன்றின் இடுகாட்டைத் தோண்டி, பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய எலும்புகளை ஆராய்ந்தார். பல மண்டையோடுகளில் மேல் முன்பற்களைத் தாங்கும் எலும்பு குறைந்துபோய், பற்கள் ஆடியோ விழுந்தோ இருந்ததைக் கண்டு 1950களில் எழுதினார். அங்கே எலும்பைத் தேய்த்தது கிருமியும் அதனால் வந்த நாள்பட்ட அழற்சியும். இன்று தொழுநோய் மாத்திரைகளால் முழுமையாகக் குணமாகிற நோய். அரசு மருத்துவமனைகளில் அந்த மருந்து இலவசம். ஆரம்பத்திலேயே வந்துவிட்டால் எந்தச் சேதமும் இல்லாமல் தப்பலாம். இதை நம் ஊர்ப் பிள்ளைகள் உரக்கச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயத்தாலும் வெட்கத்தாலும் மறைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆக, தவறான பாரம் ஒன்று, கிருமி ஒன்று. எலும்புக்குள் நாம் வைக்கிற பொருளின் வடிவம் இரண்டையும் சமாளித்தாக வேண்டும்.

விழுந்த பல்லின் இடத்தில் வேறொன்றை ஊன்றிப் பார்க்கும் ஆசை மனிதருக்குப் பழையது. மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் நாட்டில் 1931-ல் போப்பனோ தம்பதியர் தோண்டியெடுத்த ஒரு கீழ்த்தாடை, கி.பி. 600 வாக்கில் வாழ்ந்த ஒருவருடையது. முன்பற்கள் மூன்று இருக்க வேண்டிய இடத்தில், கிளிஞ்சலைப் பல் வடிவில் தீட்டிச் செருகியிருந்தார்கள். இறந்த பிறகு சடங்குக்காகச் செருகியிருப்பார்கள் என்றுதான் முதலில் எண்ணினார்கள். 1970-ல் பிரேசில் நாட்டுப் பேராசிரியர் அமேதியோ பாபியோ அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். இரண்டு கிளிஞ்சல்களைச் சுற்றி எலும்பு புதிதாக வளர்ந்திருந்தது. செத்தவர் தாடையில் எலும்பு வளருமா? அவர் அந்தக் கிளிஞ்சல் பற்களோடு வாழ்ந்திருக்கிறார்!

பிறகு ஒவ்வொருவரும் ஒவ்வொரு வடிவமாக முயன்றார்கள். அமெரிக்காவில் கிரீன்ஃபீல்டு என்பவர் 1913 வாக்கில், இரிடியமும் பிளாட்டினமும் கலந்த கம்பிகளால் உள்ளீடற்ற உருளை ஒன்றைச் செய்தார். கம்பிகளின் இடைவெளியில் எலும்பு புகுந்து பிடித்துக்கொள்ளும் என்பது அவர் எண்ணம். 1938-ல் பாஸ்டன் நகரத்தில் ஆல்வின் ஸ்ட்ராக், கோபால்ட்-குரோமியக் கலவையில் திருகாணியே வைத்தார். 1967-ல் லெனார்ட் லிங்கோ மெல்லிய தகட்டைப் பரப்பினார். ஒடுங்கிப்போன எலும்பில் திருகாணிக்கு இடமிருக்காது, தகடு நுழையும் என்பது அதன் வசதி. தகடு வைத்துக்கொண்ட பலர் பல வருடம் நன்றாகவே சாப்பிட்டார்கள். ஆனால் பலருக்கு உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே எலும்பு வளராமல் வெறும் நார்த்திசு வளர்ந்துவிட்டது. நிஜப் பல்லின் நார்ப்படலம்போல ஒழுங்காகப் பின்னிய நார் இல்லை அது, தழும்பில் வருகிற நார். பல் ஆடும், எலும்பு தேயும், கடைசியில் தகட்டை எடுக்க வேண்டிவரும்.

திருப்பம் வந்தது ஸ்வீடனில், பல்லுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஆராய்ச்சியில். 1952-ல் பெர்-இங்வர் பிரோனெமார்க் என்ற இளம் மருத்துவர், எலும்பு மஜ்ஜைக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க, முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியத்தால் செய்த சிறு குழாய்க் கருவியைப் பொருத்தினார். வேலை முடிந்ததும் கழற்றப் போனால், வரவில்லை. எலும்பு அதோடு ஒன்றிப்போயிருந்தது. விலையுயர்ந்த கருவி போயிற்றே என்று அவர் விட்டுவிடவில்லை. ஏன் ஒட்டியது என்று வருடக்கணக்கில் தேடினார். 1965-ல், பிறவியிலேயே தாடைக் குறைபாடு கொண்ட கோஸ்டா லார்சன் என்பவருடைய கீழ்த்தாடையில் 4 டைட்டானியத் திருகாணிகளை வைத்தார். லார்சன் 2006-ல் காலமாகும்வரை, நாற்பது வருடத்துக்கும் மேலாக அவை அசையாமல் நின்றன.

டைட்டானியத்தை உடம்பு ஏன் ஏற்கிறது? காற்றுப் பட்டதும் அதன் மேல் ஆக்சைடு படலம் உண்டாகிறது. சில நானோமீட்டர் தடிமன்தான். (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பாகமாக்கினால் ஒரு பாகம் ஒரு நானோமீட்டர்.) அந்தப் படலம் துரு ஏறவிடாது, உலோகம் கசியவும் விடாது. எலும்புச் செல்கள் அதன் மேலேயே வந்து உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிடும். இந்த உலோகத்தின் தாதுவான இல்மனைட், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் கறுப்புத் துகள்களாகக் கலந்து கிடக்கிறது. அந்தப் பக்கம் சுற்றுலா போனால் கையில் அள்ளிப் பாருங்கள்.

பிரோனெமார்க் வைத்த திருகாணியின் குறுக்களவு 3.75 மில்லிமீட்டர். ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 0.6 மில்லிமீட்டர். உலோகம் சரியாக அமைந்துவிட்டது, இனி வடிவம் எப்படி இருந்தால் என்ன என்று சிலர் நினைத்தார்கள். 1980களில் மரையே இல்லாத உருளைகளும் சந்தைக்கு வந்தன. தட்டி இறக்கினால் போதும், வேலை சுலபம். ஆனால் வருடங்கள் போகப்போக அப்படிப்பட்ட உருளைகள் சிலவற்றைச் சுற்றி எலும்பு நிற்காமல் குறைந்துகொண்டே போனது எக்ஸ்ரேயில் தெரிந்தது. பேத்தி கேட்டாளே, ஆணி மாதிரி வழவழவென்று இருந்தால் ஆகாதா என்று! அந்தக் கேள்விக்கு விடை சொல்ல உலகத்துக்கே பல வருடம் பிடித்தது.

இனி வடிவத்துக்கு வருவோம். ஆரணி, தேவிகாபுரம், சேத்துப்பட்டுப் பக்கத்து நெசவுத் தெருக்களில் காலை வேளையில் பாவு நீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தெருவின் நீளத்துக்கு இழைகளை விரித்து, முனையில் ஊன்றிய முளையில் இழுத்துக் கட்டுவார்கள். அடுத்த முறை இழைகளை விட்டுவிட்டு முளையின் காலடியைப் பாருங்கள். இழுவை ஏற ஏற மண் எங்கே விட்டுக்கொடுக்கிறது? ஆழத்தில் அல்ல. முளை மண்ணுக்குள் நுழைகிற வாயில், தரைமட்டத்தில்தான். இழுக்கிற பக்கம் மண் நசுங்கும், எதிர்ப்பக்கம் மெல்லிய பிளவு விழும். இம்ப்ளாண்டிலும் இதே கதைதான். கடிக்கிற பாரம், அதுவும் பக்கவாட்டில் வருகிற பாரம், எலும்பின் மேல் விளிம்பில், இம்ப்ளாண்டின் கழுத்தைச் சுற்றியே அதிகம் குவிகிறது. முதலில் எலும்பு தேய்வதும் பெரும்பாலும் அந்தக் கழுத்தில்தான்.

முளை சாயாமல் இருக்க என்ன செய்யலாம்? ஆழமாக ஊன்றலாம், அல்லது தடித்த முளையாகப் போடலாம். இம்ப்ளாண்டில் எது அதிகம் உதவும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கழுத்தில் குவியும் அழுத்தத்தைக் குறைப்பதில் நீளத்தைவிடத் தடிமனுக்கே பலன் அதிகம். பாரத்தின் பெரும்பகுதியை மேல் விளிம்பே வாங்கிவிடுவதால், அடியில் இன்னும் சில மில்லிமீட்டர் நீட்டினாலும் பெரிதாக மாறுவதில்லை. அதற்காக மிகத் தடித்ததை வைத்தால் சுற்றியிருக்கும் எலும்புச் சுவர் மெலிந்துபோகும். மெலிந்த சுவருக்கு ரத்தம் சரியாகப் போகாது, அதுவும் தேயும். ஆகவே தாடையின் அகலத்தை ஸ்கேன் எடுத்து அளந்த பிறகுதான் தடிமனை முடிவு செய்வோம்.

மண்ணுக்கும் எலும்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. முளையின் காலடியில் பிளந்த மண் பிளந்தபடியே கிடக்கும். எலும்போ தனக்கு வருகிற விசையைப் பார்த்துப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளும். அதனால் எவ்வளவு விசை என்பதோடு, எந்த வகை விசை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். எலும்பு அமுக்கத்தைத் தாங்குவதில் கெட்டி. இழுத்தால் அதன் வலிமை 30 விழுக்காடு குறைவு. உரசி நழுவவைக்கும் விசைக்கு முன்னால் 65 விழுக்காடு குறைவு. வழவழ உருளையின் தலையில் கடி விழுந்தால், அதன் பக்கச்சுவர் முழுக்க எலும்பை உரசிக்கொண்டே கீழே இறங்கப் பார்க்கும். எலும்புக்கு ஆகவே ஆகாத விசை அதுதான். மரை இருந்தால், ஒவ்வொரு மரையின் அடிப்பக்கமும் தனக்குக் கீழே இருக்கும் எலும்பின் மேல் அமர்ந்து அமுக்கும். உரசல் அமுக்கமாக மாறிவிடுகிறது. மரையின் முதல் வேலை திருகி இறக்குவது. அதைவிடப் பெரிய வேலை, வாழ்நாள் முழுக்கக் கடியை எலும்புக்குப் பிடித்த விசையாக மாற்றித் தருவது.

அந்த மரையிலும் பல வகை. கூரான முக்கோண மரையில் அடிப்பக்கம் சாய்வாக இருப்பதால், அமுக்கத்தோடு கொஞ்சம் உரசலும் சேர்ந்து போகும். சதுர மரையில் அடிப்பக்கம் ஏறக்குறைய மட்டமாக இருப்பதால் பெரும்பாலும் அமுக்கம்தான் போகும். மரை நெருக்கமாகவும் ஆழமாகவும் இருந்தால் எலும்பைத் தொடும் பரப்பு கூடும், பாரம் பங்கிடப்படும். மரையின் நுனி கத்திபோல் கூராக இருந்தால் அந்த நுனியில் அழுத்தம் குவியும் என்பதால் மழுக்கிவிடுகிறார்கள். ஆழமான மரை எல்லா இடத்துக்கும் ஆகாது. கீழ்த்தாடையின் முன்பகுதி எலும்பு கெட்டி. அங்கே ஆழமான மரையை இறக்குவது கடினம், எலும்பு அளவுக்கு மீறி நெருக்கப்படும். மேல்தாடையின் பின்பகுதியில் எலும்பு மெத்தென்று, உள்ளே இடைவெளிகள் நிறைந்திருக்கும். அங்கே ஆழமான மரையும், அடி நோக்கிக் குறுகிவரும் உடலும் உதவும். குறுகிய உடல் இறங்கும்போது சுற்றியுள்ள மெத்தென்ற எலும்பை ஒதுக்கி நெருக்கி, முதல் நாளிலிருந்தே ஆடாமல் நிற்கும்.

முதல் நாள் ஆடாமல் நிற்பதில் ஏன் இவ்வளவு அக்கறை? எலும்பு வளர்ந்து ஒட்டுவதற்கு முன் இம்ப்ளாண்ட் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்கு அசைந்தாலே போதும், அங்கே எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர ஆரம்பித்துவிடும். அதே காரணத்தால்தான் வைத்தவுடனே கடினமானதைக் கடிக்கவிடாமல் பல சமயம் 3 முதல் 6 மாதம்வரை காத்திருக்கச் சொல்கிறோம். துளையிடும்போதும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே நிதானமாக இறங்குகிறோம். எலும்பின் வெப்பம் 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் நின்றாலே அங்கே எலும்பு பாதிக்கப்படும் என்று 1983-ல் முயல்களை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது.

இப்போது அந்தக் கழுத்துக்கு வருகிறேன், பேத்தி பொடிப்பொடியாக இருக்கிறது என்று கண்டுபிடித்த இடம். முன்பெல்லாம் கழுத்தை வழவழவென்று மெருகேற்றி வைத்தார்கள், அழுக்குத் தங்காது என்பதற்காக. எக்ஸ்ரேயில் திரும்பத் திரும்ப ஒன்று தெரிந்தது: ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் எலும்பின் விளிம்பு பெரும்பாலும் முதல் மரைவரை இறங்கி வந்து அங்கே நின்றிருக்கும். வழவழக் கழுத்து எலும்புக்குப் பிடி எதையும் தரவில்லை, முதல் மரைதான் தந்தது. அதனால் கழுத்திலேயே மிகச் சிறிய மரைகளை வெட்டத் தொடங்கினார்கள். மேல் விளிம்பு எலும்புக்கும் அளவான அமுக்கம் கிடைத்தது. தேய்மானத்தை அது குறைத்ததைப் பல ஆய்வுகள் காட்டின.

கழுத்தைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று. இம்ப்ளாண்ட் எலும்புக்குள் இருக்கும். அதன் மேல் ஒரு தாங்கி, தாங்கியின் மேல் பல். இம்ப்ளாண்டும் தாங்கியும் சேரும் இடத்தில் நூலிழையைவிட மெல்லிய இடுக்கு ஒன்று உண்டு. கிருமிகள் அதில் குடியேறும். அவற்றை எதிர்க்க உடம்பு அங்கே படை அனுப்பும். அந்தச் சண்டையில் பக்கத்து எலும்பு கரையும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க நிறுவனம் ஒன்று 5, 6 மில்லிமீட்டர் அகலமான இம்ப்ளாண்டுகளைக் கொண்டுவந்தது. அவற்றுக்குப் பொருத்தமான அகலத்தில் தாங்கி தயாராகவில்லை. மருத்துவர்கள் கையில் இருந்த 4.1 மில்லிமீட்டர் தாங்கியையே பொருத்தினார்கள். அகலமான தலையின் நடுவில் ஒல்லியான தாங்கி, சுற்றிலும் ஒரு சிறு திண்ணை. வருடங்கள் கழித்து எக்ஸ்ரேக்களை எடுத்துப் பார்த்தால், எதிர்பார்த்த எலும்புத் தேய்மானம் பலருக்கு இல்லை! இடுக்கு விளிம்பிலிருந்து உள்ளே தள்ளிப்போய்விட்டதால் கிருமிச் சண்டையும் எலும்பைவிட்டு விலகிப்போனது என்பதே இதற்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கம். 2006-ல் லஸாராவும் போர்ட்டரும் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். மிச்சமாகும் எலும்பு சராசரியாக அரை மில்லிமீட்டருக்குள்தான். ஆனால் ஈறு அந்த விளிம்பின் மேல்தான் நிற்கிறது. முன்பல் என்றால் அரை மில்லிமீட்டர் இறங்கினாலும் சிரிக்கும்போது தெரியும். ஒரு பொருள் கையில் இல்லாத குறையே இப்படி நல்ல கண்டுபிடிப்பாக முடிந்தது. எக்ஸ்ரேக்களைப் பத்திரப்படுத்தி, திரும்ப எடுத்துப் பொறுமையாகப் பார்த்தவர்கள் இருந்ததால்தான் அது முடிந்தது.

எலும்புக்குள் ஓடும் அழுத்தத்தைக் கண்ணால் பார்க்க முடியாதே, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்கிறீர்களா? தாடை வடிவில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கை வார்த்து, அதற்குள் இம்ப்ளாண்டைப் பதித்து, மேலிருந்து அமுக்கினார்கள். போலராய்டு கண்ணாடி வழியாகப் பார்த்தால், அழுத்தம் குவியும் இடங்களில் வானவில் நிறக் கோடுகள் நெருக்கமாகத் தோன்றும். இதை நீங்களே பார்க்கலாம். லேப்டாப் திரையை வெள்ளையாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் நிறமற்ற பிளாஸ்டிக் பாகைமானியைத் திரைக்கு முன்னால் பிடியுங்கள். போலராய்டு கூலிங்கிளாஸைப் பாகைமானிக்கும் உங்கள் கண்ணுக்கும் நடுவில் பிடித்து, திரை கறுப்பாகும்வரை மெதுவாகச் சுழற்றுங்கள். கறுப்புத் திரைக்கு முன்னால் பாகைமானி மட்டும் வண்ணமாக ஒளிரும். மூலைகளிலும் துளைகளைச் சுற்றியும் கோடுகள் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று கவனியுங்கள். லேசாக வளைத்தால் நிறங்கள் நகரும். அந்த நகர்வுதான் அழுத்தம்.

இப்போது இந்த வேலையைக் கணினியும் செய்கிறது. தாடையையும் இம்ப்ளாண்டையும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு அழுத்தம் என்று கணக்கிடும் முறை அது. பல் இம்ப்ளாண்டுக்கு அதை 1976-லேயே பயன்படுத்திப் பார்த்தார்கள். இன்று தமிழ்நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் மேற்படிப்பு மாணவர்கள் பலர் ஆய்வுக்காக இந்தக் கணக்கைச் செய்கிறார்கள். ஆனால் கணினிக்குள் இருக்கும் எலும்பு பெரும்பாலும் கரைவதும் இல்லை, கட்டுவதும் இல்லை. ஆகவே கணக்கு சொன்னதை வருடக்கணக்கில் நோயாளிகளின் எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டுத்தான் நம்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படி ஒப்பிட, 1986-ல் ஆல்பிரெக்ட்சன் குழுவினர் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு: முதல் வருடம் கழிந்த பிறகு, எலும்பு வருடத்துக்கு 0.2 மில்லிமீட்டருக்குக் குறைவாகவே இறங்க வேண்டும்.

தாத்தாவுக்கு என்ன வைத்தேன்? கீழ்க் கடைவாயில் கடிக்கிற விசை அதிகம், 50 கிலோவுக்கும் மேலே போகும். எலும்பு நல்ல அகலமாக இருந்தது. அதனால் தடிமனான உடல், கழுத்தில் பொடி மரை, திண்ணை விட்ட தாங்கி. மேலே வைத்த பல்லின் முகடுகளை உயரமாக விடாமல் தட்டையாக்கினேன். உயர்ந்த முகட்டில் எதிர்ப் பல் சறுக்கினால் பக்கவாட்டு விசை வரும், முளையைச் சாய்க்கும் அதே விசை. வெற்றிலை, புகையிலையை விடச் சொல்லி மன்றாடினேன். தினமும் அந்த இடத்தைச் சிறு பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யவும் சொன்னேன். எவ்வளவு நல்ல வடிவமாக இருந்தாலும், அழுக்குச் சேரவிட்டால் கிருமி வென்றுவிடும்.

“எனக்கும் ஒண்ணு வெப்பீங்களா டாக்டர்?” என்று பேத்தி கேட்டாள். கபடி ஆடும்போது முன்பல்லில் ஓரம் உடைந்திருந்தது அவளுக்கு. வைக்க மாட்டேன் என்றேன். அவளுக்கும் உங்களுக்கும் தாடை இன்னும் வளர்கிறது. நிஜப் பற்கள் நார்ப்படலத்தோடு இருப்பதால் தாடை வளர வளரத் தாமும் நகர்ந்து வரும். இம்ப்ளாண்ட் எலும்போடு ஒட்டிப்போவதால் நகராது. மற்றப் பற்கள் இறங்கி வர, அது மட்டும் மேலேயே தங்கிக் குட்டையாகத் தெரியும். அதனால் வளர்ச்சி முடியும்வரை, பொதுவாக 18 வயதுக்கு மேல்தான், இம்ப்ளாண்ட் பற்றிப் பேசுவோம்.

விளையாடும்போது முளைத்த நிரந்தரப் பல் முழுதாகவே கழன்று விழுந்துவிட்டால் மட்டும் ஒரு நிமிடமும் வீணாக்காதீர்கள். பல்லைத் தேடி எடுத்து, வெள்ளையாக இருக்கும் மேல் பகுதியை மட்டும் பிடியுங்கள். வேரைத் தொடாதீர்கள், சுரண்டாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள். நார்ப்படலத்தின் உயிருள்ள செல்கள் அந்த வேரில்தான் ஒட்டியிருக்கின்றன. மண் பட்டிருந்தால் பாலில் லேசாக அலசி, ஒரு டம்ளர் பாலில் போட்டுக்கொள்ளுங்கள். பால் இல்லையென்றால் உங்கள் எச்சிலிலேயே ஈரமாக வைத்திருங்கள். அரை மணி நேரத்துக்குள், மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் ஓடுங்கள். திரும்பப் பொருத்தினால் அது பிடித்துக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. பால் பல் விழுந்தால் திரும்பப் பொருத்தக் கூடாது, ஆனால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.